மேட்டூர் நிரம்பினால் பள்ளிபாளையம் ஏன் மூழ்குகிறது? ஆற்றங்கரையை உயர்த்தினால் தீர்ந்துவிடுமா? முழு விளக்கம்

மேட்டூர் அணை 120 அடியை எட்டியது என்ற செய்தி வந்தால் டெல்டா விவசாயிகளுக்குக் கொண்டாட்டம். அதே செய்தி நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் வேறு மாதிரி போய்ச் சேருகிறது. காவிரிக் கரையோரக் குடும்பங்கள் ரேஷன் கார்டு, ஆதார், துணிமணி, அரிசி மூட்டையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கும் திருமண மண்டபத்துக்கும் கிளம்ப வேண்டிய நேரம் அது. 2018, 2022, 2024 என்று திரும்பத் திரும்ப இதே கதைதான்.

ஒவ்வொரு முறையும் வெள்ளம் வடிந்ததும் ஒரு கேள்வி வரும். "ஆத்தோரம் உயரமா ஒரு கரை கட்டிட்டா என்ன?" நியாயமான கேள்விதான். ஆனால் கரை என்பது வெறும் உயரம் இல்லை. அது எந்த வெள்ளத்துக்குக் கட்டப்படுகிறது, அடியில் என்ன இருக்கிறது, தடுத்த தண்ணீர் எங்கே போகிறது, கரைக்கு உள்ளே யார் வாழ்கிறார்கள் என்று பல கேள்விகள் அதற்குள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

2 லட்சம் கனஅடி என்றால் எவ்வளவு தண்ணீர்?

ஒரு கனஅடி என்பது சுமார் 28.3 லிட்டர். வினாடிக்கு 2 லட்சம் கனஅடி என்றால், ஒவ்வொரு வினாடியும் 56 லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் கடந்து போகிறது. ஊருக்குள் வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியை வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு வினாடிக்கு 470 லாரிக்கும் மேல்.

இதே அளவு ஒரு நாள் முழுக்க ஓடினால் சுமார் 17.28 டி.எம்.சி. மேட்டூர் அணையின் மொத்தக் கொள்ளளவே 93.47 டி.எம்.சி.தான். அதாவது, முழுசாக நிரம்பிய அணையை ஐந்தரை நாளில் காலி செய்துவிடும் வேகம் இது.

2018 ஆகஸ்ட்டிலும் 2022 ஆகஸ்ட்டிலும் மேட்டூரில் இருந்து சுமார் 2 லட்சம் கனஅடி அளவுக்குத் தண்ணீர் திறக்கப்பட்டது. 2024 ஜூலை 30 அன்று அணை 43ஆவது முறையாக 120 அடியை எட்டியபோது திறப்பு 1.70 லட்சம் கனஅடி வரை போனது. 2025இல் ஜூன் 29ஆம் தேதியே அணை 44ஆவது முறையாக நிரம்பிவிட்டது.

அணை இருக்கும்போது வெள்ளம் ஏன் வருகிறது?

1924 ஜூலையில் காவிரியில் வந்த பெருவெள்ளத்தை இன்றைக்கும் டெல்டாவில் பேசுவார்கள். மேட்டூர் அணையின் கட்டுமானம் அதற்கு அடுத்த ஆண்டு, 1925இல் தொடங்கி 1934இல் முடிந்தது. வெள்ளத்தைத் தாங்கிப் பிடிப்பதும் பாசனத்துக்குத் தண்ணீர் சேமிப்பதும் அதன் வேலைகள்.

இந்த இரண்டு வேலையும் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொள்ளும். வெள்ளத்தைத் தாங்க வேண்டுமானால் அணையில் காலி இடம் வேண்டும். பாசனத்துக்கு அணை நிரம்பியிருக்க வேண்டும். ஜூன் 12 அன்று டெல்டாவுக்குத் தண்ணீர் திறப்பதா வேண்டாமா என்பதே அணையின் நீர்மட்டத்தைப் பார்த்துத்தான் முடிவாகிறது. அந்த நிலையில், வெள்ளம் வரலாம் என்ற எதிர்பார்ப்பில் தண்ணீரை முன்கூட்டியே திறந்துவிடுவது சுலபமான முடிவு இல்லை. வெள்ளம் வராமல் போனால் குறுவைக்கும் சம்பாவுக்கும் யார் பதில் சொல்வது?

கர்நாடகாவில் கபினியும் கே.ஆர்.எஸ்.ஸும் நிரம்பி உபரி நீர் கிளம்பும்போது, இங்கே மேட்டூரும் நிரம்பியிருந்தால் கதை முடிந்தது. உள்ளே வருவது அப்படியே வெளியே போக வேண்டும். அணை மின் நிலையம், சுரங்க மின் நிலையம் வழியாக இருபதாயிரத்துச் சொச்சம் கனஅடிதான் போகும். மீதி எல்லாம் 16 கண் மதகு வழியாகத்தான்.

மேட்டூர்க்காரர்கள் "16 கண் பாலம்" என்று சொல்லும் அந்த எல்லிஸ் உபரிநீர்ப் போக்கி, அணைக்கு ஒரு பக்கவாட்டு வழி. அணையின் மீது தண்ணீர் வழியாமல், தனிப் பாதையில் இறங்கி, கொஞ்ச தூரம் ஓடி மறுபடியும் காவிரியிலேயே சேர்ந்துவிடும். இது அணையைக் காப்பாற்றும் மாற்றுப்பாதை. அணைக்குக் கீழே இருக்கும் ஊர்களுக்கு இதனால் ஒரு சொட்டுகூடக் குறைவதில்லை.

பள்ளிபாளையம், குமாரபாளையத்துக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு?

மேட்டூரைத் தாண்டிய காவிரி ஒரு பக்கம் ஈரோடு மாவட்டம், மறுபக்கம் சேலம், நாமக்கல் மாவட்டங்கள் என்று எல்லைக்கோடு மாதிரி ஓடுகிறது. எடப்பாடி பக்கம் பூலாம்பட்டி, எதிரே நெரிஞ்சிப்பேட்டை. குமாரபாளையத்துக்கு எதிரே பவானி. பள்ளிபாளையத்துக்கு எதிரே ஈரோடு கருங்கல்பாளையம். வழியில் செக்கானூரில் தொடங்கி மின் உற்பத்திக்காகக் கட்டிய கதவணைகள் வரிசையாக இருக்கின்றன. வெள்ளக் காலத்தில் அவற்றின் ஷட்டர்களைத் தூக்கிவிட வேண்டியதுதான். அவை வெள்ளத்தைத் தேக்கும் அணைகள் கிடையாது.

பவானி கூடுதுறையில் பவானி ஆறு வந்து சேர்கிறது. பவானிசாகர் அணையிலும் உபரி நீர் திறக்கும் நாளாக இருந்தால், பள்ளிபாளையத்துக்கு இரண்டு அணைத் தண்ணீரும் சேர்ந்து வரும்.

இந்த இரண்டு ஊரும் விசைத்தறியால் வளர்ந்த ஊர்கள். தறிக்குடோன் பக்கத்திலேயே வாடகை வீடு, வேலைக்கு நடந்து போகிற தூரம் என்று கூலித் தொழிலாளர்கள் குடியேறிய இடங்களில் பல, ஆற்றை ஒட்டிய தாழ்வான பகுதிகள். குமாரபாளையத்தில் கலைமகள் வீதி, மணிமேகலை வீதி, இந்திரா நகர், பள்ளிபாளையத்தில் ஜனதா நகர், ஆவாரங்காடு என்று வெள்ளச் செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் இவைதான்.

ஆறு சாதாரண நாளில் ஓடும் இடம் வேறு, வெள்ளத்தில் விரியும் இடம் வேறு. சில ஆண்டுகள் பெரிய வெள்ளம் வராமல் போனால், அந்த இரண்டாவது இடம் வெறும் காலி மனை மாதிரித் தெரிய ஆரம்பித்துவிடும். அங்கே வீடு வரும், பட்டா கேட்பார்கள், மின் இணைப்பு வரும். பிறகு ஒருநாள் ஆறு தன் இடத்துக்குத் திரும்ப வரும்.

கொள்ளிடம்தான் மாற்றுப்பாதை. ஆனால் அது எங்கே இருக்கிறது?

காவிரிக்கு இயற்கையே கொடுத்த வெள்ள வடிகால் கொள்ளிடம். திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிகின்றன. அங்கே 1830களில் ஆர்தர் காட்டன் மேலணையைக் கட்டியதே, பாசனக் காவிரியில் தண்ணீர் நிற்காமல் தாழ்வான கொள்ளிடத்துக்கு ஓடிப்போனதால்தான். இன்றைக்கும் வெள்ளம் வந்தால் அதில் பெரும்பங்கை முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திருப்பிவிடுகிறார்கள். தஞ்சாவூர் பக்கத்துக் காவிரி, வெண்ணாற்றுக் கரைகள் தப்பிப்பது இந்த ஏற்பாட்டால்தான்.

ஆனால் முக்கொம்பு என்பது பள்ளிபாளையத்தையும் பரமத்தி வேலூரையும் மோகனூரையும் தாண்டி வெகுதூரம் கீழே. மேட்டூருக்கும் முக்கொம்புக்கும் நடுவே காவிரிக்கு இன்னொரு கிளை கிடையாது. வெள்ளத்தைப் பிரித்து அனுப்ப ஒரு வழியும் இல்லாத நீளமான பகுதி இது. சேலம், நாமக்கல் ஊர்கள் எல்லாம் அந்த நீளத்தில்தான் இருக்கின்றன.

அப்போ மேட்டூர் உபரி நீர்த் திட்டம்?

சேலம் மாவட்டத்தில் மேட்டூர் உபரி நீரை 100 வறண்ட ஏரிகளுக்குக் கொண்டுபோகும் 565 கோடி ரூபாய் திட்டம் 2020 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டு, 2021 பிப்ரவரியில் முதல் கட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. திப்பம்பட்டியில் நீரேற்று நிலையம் அமைத்து, எம்.காளிப்பட்டி ஏரிக்கும் நங்கவள்ளி ஏரிக்கும் தண்ணீரை ஏற்றி, அங்கிருந்து மற்ற ஏரிகளுக்குப் பிரிப்பது திட்டம். "இது முழுசா வந்துட்டா வெள்ளம் குறைஞ்சிடும்" என்று ஒரு நம்பிக்கை உண்டு.

கணக்கைப் பாருங்கள். இந்தத் திட்டத்தில் எடுக்கும் அளவு வினாடிக்கு 214 கனஅடி. வெள்ளம் 2 லட்சம் கனஅடி. அதாவது, ஆயிரத்தில் ஒரு பங்கு. சேலத்து ஏரிகளுக்கும் நிலத்தடி நீருக்கும் இது நல்ல திட்டம். ஆனால் பள்ளிபாளையத்தில் ஒரு வாசற்படியைக்கூட இது காப்பாற்றாது. பாசனத் திட்டத்தையும் வெள்ளத் தடுப்புத் திட்டத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஆகவே மிச்சம் இருப்பது மூன்று வழிகள்: கரை, இடமாற்றம், எச்சரிக்கை.

ஒரு கரை எப்படி உடைகிறது?

கரை உடைந்தது என்றால், தண்ணீர் மேலே ஏறி வழிந்துதான் உடைந்திருக்கும் என்று நினைப்போம். அது நான்கு வழிகளில் ஒன்று மட்டுமே.

வழிதல்: வெள்ளம் கரையின் தலைக்கு மேல் ஏறி மறுபக்கம் கொட்டுகிறது. மண் கரையாக இருந்தால், கொட்டும் தண்ணீர் பின்பக்கச் சரிவை அரித்துச் சில மணி நேரத்தில் வாய் பிளக்க வைத்துவிடும்.

கசிவு: வெள்ளம் நாள்கணக்கில் நிற்கும்போது கரையின் உள்ளேயும் அடியிலும் தண்ணீர் ஊறுகிறது. கரைக்கு அந்தப் பக்கம் வயலில் திடீரென்று ஊற்று கொப்பளிக்கும். தெளிவான தண்ணீர் வந்தால் கண்காணிப்பார்கள். கலங்கலாக, மணலோடு வந்தால் கரைக்குள்ளிருந்து மண் வெளியே போகிறது என்று அர்த்தம். எலி வளை, நண்டு வளை, பட்டுப்போன மரத்தின் வேர் விட்ட ஓட்டை எல்லாம் இதற்கு வழி.

அடி அரிப்பு: ஆறு வளையும் இடத்தில் வேகம் வெளிப்பக்கக் கரையில் மோதும். கரையின் கால் பகுதியை அரித்துவிட்டால், மேலே எவ்வளவு உயரம் இருந்தாலும் மொத்தமாகச் சாயும். ஆற்றில் மணல் அள்ளி ஆற்றுப்படுகை கீழே இறங்கியிருந்தால், கரையின் அஸ்திவாரம் அந்தரத்தில் நிற்கிற மாதிரி ஆகிவிடும்.

சரிவு: வெள்ளம் வந்தபோது தாங்கிய கரை, வெள்ளம் வேகமாக வடியும்போது விழலாம். ஊறிப்போன கனமான மண்ணை வெளிப்பக்கம் தாங்கிக்கொண்டிருந்த தண்ணீர் இறங்கிவிடுவதால் அது அப்படியே சரியும்.

கொள்ளிடமே இதற்குப் பாடம். 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையின் கொள்ளிடம் பகுதியில் இருந்த 45 மதகுகளில் 9 இடிந்து விழுந்தன. திருச்சியில் கொள்ளிடத்தின் குறுக்கே 1928இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் ஒரு பகுதியும் அதே வெள்ளத்தில் போனது. மேலணைக்குப் பதிலாக 387.60 கோடி ரூபாயில் புதிய கதவணை கட்ட வேண்டி வந்தது. 2024 வெள்ளத்தில் திருச்சி கொள்ளிடம் புதிய பாலத்தைப் பாதுகாக்கக் கட்டிய தடுப்புச்சுவரின் ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்டது. சீர்காழி பக்கம் அளக்குடியில் 2018இல் கொள்ளிடக் கரை அரிக்கப்பட்டு, மணல் மூட்டைகளை அடுக்கிக் காப்பாற்ற வேண்டியிருந்தது. இவை எதிலும் உயரம் பிரச்சினை இல்லை. அடிப்பகுதிதான் பிரச்சினை.

பீகார் இன்னும் பெரிய பாடம். 2008 ஆகஸ்ட் 18 அன்று நேபாளத்தின் குசாஹாவில் கோசி நதியின் கரை உடைந்தது. அந்தக் கரை ஒன்பது லட்சம் கனஅடிக்கும் மேல் தாங்கும் என்ற கணக்கில் கட்டப்பட்டது. உடைந்த அன்று ஓடியது ஒன்றரை லட்சம் கனஅடி அளவுதான். அரிப்பைக் கவனிக்காமல் விட்டதன் விலை, பீகாரில் லட்சக்கணக்கானோர் வீடிழந்தது. பீகாரில் 1950களில் சுமார் 160 கிலோமீட்டராக இருந்த கரைகளின் நீளம் இன்று 3,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. வெள்ள அபாயப் பரப்பு குறைந்ததா என்றால், 25 லட்சம் ஹெக்டேரில் இருந்து 68 லட்சம் ஹெக்டேருக்கு மேல் கூடியிருக்கிறது.

கரைத் திட்டம் வந்தால் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

"ஆற்றங்கரையில் தடுப்புச்சுவர் அமைக்கப்படும்" என்ற அறிவிப்பு வரும்போது, எத்தனை கோடி, எத்தனை மீட்டர் நீளம் என்பது மட்டுமே செய்தியாகிறது. அந்தத் திட்டம் தேறுமா என்று சொல்பவை வேறு கேள்விகள்.

1. எந்த வெள்ளத்துக்கு?

இந்தியாவில் விவசாய நிலங்களைக் காக்கும் கரைகளை 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்துக்கும், நகரங்களைக் காக்கும் கரைகளை 100 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்துக்கும் வடிவமைப்பது வழக்கம். "100 ஆண்டு வெள்ளம்" என்றால் இன்றைக்கு வந்துவிட்டால் இனி 100 வருடத்துக்குக் கவலையில்லை என்று அர்த்தம் இல்லை. ஒவ்வொரு ஆண்டும் அது வர 100இல் 1 வாய்ப்பு. 30 ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் அந்த வாய்ப்பு 26 சதவீதம். 25 ஆண்டு வெள்ளத்துக்குக் கட்டிய கரை, அதே 30 ஆண்டுகளில் அந்த அளவு வெள்ளத்தை ஒருமுறையாவது பார்க்க 70 சதவீத வாய்ப்பு. வீட்டுக் கடன் கட்டி முடிக்கும் காலத்துக்குள் இது நடக்கலாம்.

2. மேலே எவ்வளவு மிச்சம்?

கணக்கிட்ட வெள்ள மட்டத்துக்குச் சமமாகக் கரையை நிறுத்த மாட்டார்கள். அலை, கணக்குப் பிசகு, கரை மண் அமிழ்வது ஆகியவற்றுக்காகக் கூடுதல் உயரம் விடுவார்கள். பெரிய ஆறுகளுக்கு இது 1.8 மீட்டர், சிறியவற்றுக்கு 1.5 மீட்டர் என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. 2 லட்சம் கனஅடி ஓடும் காவிரி பெரிய ஆறு என்ற கணக்கில்தான் வரும்.

3. இடம் இருக்கிறதா?

இதுதான் பள்ளிபாளையத்தில் முட்டுச்சந்து. 4 மீட்டர் உயர மண் கரையை எடுத்துக்கொள்வோம். மேலே ஜீப் போக 5 மீட்டர் அகலம். இரு பக்கமும் ஒன்றுக்கு இரண்டு என்ற சரிவு. அடியில் அதன் அகலம் 21 மீட்டர், கிட்டத்தட்ட 70 அடி. நெருக்கமான வீடுகளுக்கும் ஆற்றுக்கும் நடுவே 70 அடி எங்கே இருக்கிறது? எந்த வீடுகளைக் காக்கக் கரை கட்டுகிறோமோ, அந்த வீடுகளையே இடித்தால்தான் கரைக்கு இடம் கிடைக்கும்.

அதனால்தான் ஊருக்குள் கான்கிரீட் தடுப்புச்சுவர் பேச்சு வருகிறது. சுவருக்கு இடம் குறைவாகப் போதும். ஆனால் அஸ்திவாரம் ஆழமாக வேண்டும், செலவு அதிகம். மண் கரை கசியும், சரியும் என்று முன்னறிவிப்பு கொடுக்கும். சுவர் பல நேரம் சொல்லாமல் சாயும். 2005இல் கத்ரீனா புயலின்போது அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் 17ஆம் தெருக் கால்வாயின் வெள்ளச் சுவர், தண்ணீர் அதன் உச்சியைத் தொடும் முன்பே சாய்ந்தது.

4. உள்ளே விழும் மழைநீர் எங்கே போகும்?

கரை வெளித் தண்ணீரை உள்ளே விடாது. உள் தண்ணீரையும் வெளியே விடாது. ஊர் சாக்கடையும் மழைநீர் வடிகாலும் ஆற்றில்தான் போய்ச் சேர்கின்றன. ஆறு உயர்ந்திருக்கும்போது அந்த வாய்க்கால் வழியாகவே ஆற்று நீர் ஊருக்குள் ஏறும். சுவரில் ஓட்டை இல்லை, ஆனால் வீதியில் தண்ணீர் என்ற நிலை இப்படித்தான் வருகிறது. இதற்கு ஒருவழிக் கதவு வைத்த மதகு வேண்டும், அந்தக் கதவு மூடியிருக்கும் நேரத்தில் உள்ளே தேங்குவதை இறைக்க மோட்டார் வேண்டும், மோட்டாருக்கு வெள்ள நாளிலும் மின்சாரம் வேண்டும்.

சரபங்கா, திருமணிமுத்தாறு மாதிரி உள்ளூர் ஆறுகள் காவிரியில் சேரும் இடங்களிலும் இதே சிக்கல் உண்டு. காவிரி நிறைந்து நிற்கும்போது கிளை ஆறு இறங்க முடியாமல் பின்னோக்கித் தேங்கும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் ஏற்காட்டில் கொட்டிய மழை சேலத்தில் திருமணிமுத்தாற்றைப் பெருக்கெடுக்க வைத்தது. இரண்டும் ஒரே வாரத்தில் வந்தால் என்ன ஆகும் என்பதையும் திட்டம் கணக்கில் எடுக்க வேண்டும்.

5. எதிர்க் கரைக்கு என்ன ஆகும்?

பரந்து போக வேண்டிய தண்ணீரை ஒரு பக்கம் அடைத்தால், அது மறைந்துவிடாது. மட்டம் உயரும். வேகம் கூடும். பள்ளிபாளையத்தில் சுவர் எழுப்பினால் கருங்கல்பாளையத்தில் என்ன ஆகும், குமாரபாளையத்தில் எழுப்பினால் பவானியில் என்ன ஆகும், கொஞ்சம் கீழே சுவர் முடியும் இடத்தில் அரிப்பு எப்படி இருக்கும் என்று பார்க்காமல் ஒரு கரை மட்டும் கட்டுவது, பிரச்சினையைப் பக்கத்து மாவட்டத்துக்கு அனுப்புவது. நடு ஆற்றில் மாவட்ட எல்லை ஓடுவதால், இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து ஒரே ஆய்வாக நடந்தால்தான் இது தெரியவரும்.

6. பத்து வருடம் கழித்து யார் பார்ப்பார்கள்?

திறப்பு விழா அன்று எல்லாக் கரையும் உறுதியாகத்தான் இருக்கும். புதர் வெட்டுவது, வளைகளை அடைப்பது, கரையில் வெட்டிய வண்டிப்பாதையை மூடுவது, மதகு ஷட்டருக்கு கிரீஸ் போடுவது எல்லாம் வருடா வருடம் செய்ய வேண்டிய வேலை. கரையின் வலு என்பது அதன் மிகப் பலவீனமான ஒரே ஒரு இடத்தின் வலுதான். இரண்டு கிலோமீட்டர் நல்ல கரையில் பத்து அடி மோசமாக இருந்தால், அந்த மொத்தக் கரையும் மோசம்.

கரைக்கு உள்ளே இருப்பவர்கள்?

கொள்ளிடக் கரைகளைப் பலப்படுத்துவது பற்றிப் பேசும்போது விட்டுப்போகிற ஒரு கூட்டம் உண்டு. மயிலாடுதுறை மாவட்டத்தில் நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளைமணல் போன்ற ஊர்கள் கரைக்கும் ஆற்றுக்கும் நடுவே, படுகையிலும் திட்டிலும் இருக்கின்றன. வெளியே இருக்கும் ஊர்களை அந்தக் கரை காப்பாற்றுகிறது. இவர்களுக்கு அதே கரைதான் தண்ணீரைக் குறுக்கி உயர்த்துகிறது. பெருவெள்ளம் வரும்போதெல்லாம் இவர்கள் கரைமேல் வந்து தங்குகிறார்கள்.

பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் எங்கே சுவர் வைத்தாலும் அதற்கு ஆற்றுப்பக்கம் சில வீடுகள் நிற்கும். அவர்களுக்கு என்ன பதில் என்பது திட்டத்தின் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

வெளிநாடுகளில் என்ன செய்தார்கள்?

நெதர்லாந்து நாடே கரைகளால் நிற்கிற நாடு. 1993, 1995 வெள்ளங்களில் அவர்களுக்கே பயம் வந்தது. 1995இல் சுமார் 2.5 லட்சம் பேரை வெளியேற்றினார்கள். அதன் பிறகு, கரையை உயர்த்திக்கொண்டே போவதை நிறுத்தி, ஆற்றுக்கு இடம் விடும் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். நைமேகன் நகரத்தில் ஆறு குறுகும் இடத்தில் கரையை 350 மீட்டர் பின்னால் தள்ளி, நடுவில் ஒரு புதிய வாய்க்காலையும் வெட்டினார்கள். அதற்காகச் சுமார் 50 வீடுகள் இடம்பெயர்ந்தன.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சாக்ரமென்டோ நகரைக் காப்பது யோலோ மாற்றுப்பாதை. மூன்று மைல் வரை அகலமான விளைநிலம் அது. ஆறு ஒரு மட்டத்தைத் தாண்டியதும் தண்ணீர் தானாக அதில் வழிந்து போகும். மற்ற நாளில் அங்கே விவசாயம் நடக்கும். அங்கேயும் சமீபத்தில் செய்த பெரிய வேலை, ஒரு பகுதியில் கரையைப் பின்னால் தள்ளி மாற்றுப்பாதையை அகலப்படுத்தியதுதான்.

காவிரிக்கு இது அப்படியே பொருந்துமா? ஊர் நெருக்கமாக இருக்கும் இடத்தில் பொருந்தாது. ஆனால் ஜேடர்பாளையம், பரமத்தி வேலூர், மோகனூர் பக்கம் ஆற்றோரம் இன்னும் வயலாகவும் தோப்பாகவும் இருக்கும் இடங்களில் இந்தப் பாடம் உண்டு. அங்கே வீட்டுமனை வராமல் பார்த்துக்கொள்வது, இன்றைக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லாத வெள்ளத் தடுப்பு. மனை போட்ட பிறகு கரை கட்டுவதற்குத்தான் கோடிகள் தேவைப்படும்.

இடமாற்றம் ஏன் பாதியில் நிற்கிறது?

மிகத் தாழ்வான வீடுகளுக்கு நிரந்தரத் தீர்வு மேட்டுப் பகுதியில் மாற்று வீடுதான் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் தறி ஓட்டுகிறவருக்கு ஷிப்ட் நேரம் உண்டு. ராத்திரி ஷிப்ட் முடிந்து நடந்து வீடு திரும்பும் பெண்ணுக்கு, ஊருக்கு வெளியே ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளிக் கொடுக்கும் அடுக்குமாடி வீடு என்பது பஸ் செலவு, பிள்ளைகளின் பள்ளி மாற்றம், பாதுகாப்பு என்று பல கணக்கு. வாடகைக்கு இருப்பவருக்கோ வீடே கிடைக்காது. பட்டியலில் வீட்டு உரிமையாளர் பெயர்தான் இருக்கும். இதையெல்லாம் தீர்க்காமல் சாவியை மட்டும் கொடுத்தால், புது வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் பழைய ஆற்றோரத்துக்கே திரும்புவது நடக்கத்தான் செய்யும்.

அதனால் கரைத் திட்டத்தையும் இடமாற்றத்தையும் தனித்தனிக் கோப்பாகப் பார்க்க முடியாது. எந்த வீதி வரை சுவர் காக்கும், எந்த வீதி காலியாக வேண்டும், காலியாகும் இடத்தில் மறுபடி குடிசை வராமல் அதை என்ன செய்யப் போகிறார்கள் என்று மூன்றும் ஒரே வரைபடத்தில் இருக்க வேண்டும்.

அதுவரை என்ன செய்யலாம்?

கரை வரும்வரை மட்டும் அல்ல, கரை வந்த பிறகும் எச்சரிக்கை தேவை. மேட்டூரில் திறக்கும் தண்ணீர் குமாரபாளையத்துக்கும் பள்ளிபாளையத்துக்கும் வர சில மணி நேரம்தான்.

அணை நீர்மட்டத்தோடு நீர்வரத்து, திறப்பு இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். 120 அடி நிரம்பிய நாளில் நீர்வரத்து எவ்வளவோ, திறப்பும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

2018இலும் 2022இலும் உங்கள் வீதியில் தண்ணீர் எந்த இடம் வரை வந்தது என்று ஒரு சுவரில் பெயின்ட்டால் கோடு போட்டு, பக்கத்தில் அன்றைய திறப்பு அளவை எழுதி வையுங்கள். அடுத்த முறை "1.5 லட்சம் கனஅடி" என்று டிவியில் வரும்போது, அது உங்கள் வாசலுக்கு என்ன அர்த்தம் என்று அந்தக் கோடு சொல்லிவிடும்.

ஆவணங்களை ஒரே பிளாஸ்டிக் பையில் வையுங்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கிளம்புங்கள். வயதானவர்களையும் கர்ப்பிணிகளையும் இரவுக்கு முன்பே முகாமுக்கு அனுப்பிவிடுங்கள். கரையில் கலங்கலாக ஊற்று கொப்பளிப்பதையோ விரிசலையோ பார்த்தால் உடனே வருவாய்த் துறைக்கோ நீர்வளத் துறைக்கோ சொல்லுங்கள். மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077, மாநில எண் 1070. வேடிக்கை பார்க்கவும் செல்ஃபி எடுக்கவும் கரைமேல் ஏறாதீர்கள்.

சுருக்கமாகச் சொன்னால்

கரை தேவைதான். ஆனால் உயரத்தை மட்டும் பார்த்துக் கட்டிய கரை, "இனி பயமில்லை" என்ற தைரியத்தைக் கொடுத்து, அதன் நிழலில் இன்னும் நூறு வீடுகளை வரவைக்கும். அது உடையும் நாளில் இழப்பு முன்பைவிடப் பெரிதாக இருக்கும். எந்த வெள்ளத்துக்கு, எந்த அஸ்திவாரத்தில், உள் தண்ணீருக்கு என்ன வழி, எதிர்க் கரைக்கு என்ன பாதிப்பு, ஆற்றுப்பக்கம் விடுபடுகிறவர்களுக்கு எந்த வீடு, வருடா வருடம் யார் பராமரிப்பு என்று இத்தனைக்கும் பதில் உள்ள திட்டம்தான் உருப்படியான திட்டம். அடுத்த முறை தடுப்புச்சுவர் அறிவிப்பு வரும்போது, எத்தனை கோடி என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இவைதான்.